செல்வியின் இரண்டாவது போன்

போன மாதம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு இளம் சுகாதார ஆய்வாளர் என்னை மடக்கிப் பிடித்தார். கொரோனா சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தவராம். செல்போனைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார்.

"சார், ஆன்லைன்ல டிரில் வெச்சா எங்களுக்கு இந்த பேப்பரைத்தான் மொதல்ல படிச்சிக் காட்றாங்க. கீழே ஏகாம்பரம்னு ஒரு பேரு கீது பாருங்க. யாரு சார் அவரு? உங்க பேட்ச்சாமே?"

ஓய்வு பெற்ற நாளிலிருந்து, ஒருத்தனாவது வந்து பழைய கதை கேட்கமாட்டானா என்று காத்திருக்கிறேன். கடைசியில் ஒருவர் வந்தார். வந்தவர் அவனைப் பற்றிக் கேட்கிறார். டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். "எழுதிக் குடுங்க சார், நம்ம சங்கத்து மலர்ல போட்டுடலாம்" என்றார். எழுதுகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. இதில் நான் யோக்கியனாகத் தெரியமாட்டேன், அதற்காக எந்த வரியையும் வெட்டக்கூடாது.

நானும் ஏகாம்பரமும் ஒரே வருஷம், ஒரே விடுதியில் தங்கி சுகாதார ஆய்வாளர் படிப்பை முடித்தவர்கள். அங்கே சொல்லிக்கொடுத்ததெல்லாம் இவ்வளவுதான்: தண்ணீரைப் பார், சாக்கடையைப் பார், ஆளைப் பார், பார்த்ததை எழுதி வை. முதல் மூன்றில் நான் கெட்டிக்காரன். நான்காவதில் அவன். மேலே போய்ச் சேருவது அந்த நான்காவது மட்டும்தான் என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று.

தொண்ணூறுகளில் ஒரு கோடைக்காலம். எங்கள் பகுதியில் ஒரு காலனி முழுக்க வயிற்றுப்போக்கு. குடிதண்ணீர்க் குழாய் போகிற வழியெல்லாம் இரண்டு நாள் நடந்தேன். ஒரு சிறுபாலத்துக்கு அடியில் குழாய் உடைந்து சாக்கடைக்குள் கிடந்ததை, முழங்கால் வரை இறங்கித் தடவிக் கண்டுபிடித்தவன் நான். வீட்டுக்குப் போனபோது என் மனைவி வாசலிலேயே நிறுத்தி வாளித் தண்ணீரை என் மேல் கொட்டினாள். ஏகாம்பரம் என்ன செய்தான்? வரைபடம் போட்டான். குழாய்க்கு நீலக்கோடு, நோயாளி இருக்கும் வீட்டுக்கு ஒரு சிவப்புப் பொட்டு. மாவட்ட அதிகாரி வந்து படத்தைப் பார்த்து, "பிரமாதம், யார் போட்டது?" என்றார். "நான்தான் சார். உடைப்பைக் கண்டுபிடிச்சது பலராமன் சார்" என்றான். அவன் சொன்னான், இல்லை என்று சொல்லமாட்டேன். அதிகாரி காதில் முதல் பாதிதான் விழுந்தது. அந்தப் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வருகைப் பதிவேட்டுக்கு நேர் மேலே மாட்டினார்கள். தினமும் அதற்குக் கீழே குனிந்துதான் நான் கையெழுத்துப் போடவேண்டும்.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். அவன் அப்படியும் இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறிப் போய் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள ஆரம்பித்தான். பாவாடை தாவணிப் பெண்களுக்கு நடுவில் நரைத்த தலையோடு உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவானாம். "இன்னா ஏகாம்பரம், இந்த வயசுல காலேஜா?" என்று கேலி செய்தோம். அதிகமாகக் கேலி செய்தது நான். சிரித்துக்கொண்டே அடுத்த ஞாயிறும் போனான்.

அப்புறம்தான் பன்றிக் காய்ச்சல் வந்தது.

அப்போது எங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர் மரகதம் மருத்துவ அலுவலர். அந்த அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கைக்கடிகாரத்தின் முகம் உள்ளங்கைப் பக்கம் இருக்கும்படி கட்டியிருப்பார். எதைச் சொல்லிக்கொண்டு போனாலும் முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு?" நாய் கடித்துவிட்டது என்றால், எத்தனை மணிக்கு. தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் கரைந்துவிட்டது என்றால், எத்தனை மணிக்குப் பார்த்தாய். பதில் சொன்னதும் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்ப்பார். அதற்குள் நாம் செய்த தாமதம் நமக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை திட்டமாட்டார். திட்டிவிட்டால் தேவலை என்றிருக்கும்.

ஒரு நாள் எல்லோரையும் கூப்பிட்டார். ஜன்னல்களைத் திறந்து வைத்து, ஆளுக்கு ஒரு கை தூரம் விட்டு உட்காரச் சொன்னார். காய்ச்சல் பரவும் நேரத்தில் மாவட்டம் முழுக்க இருக்கும் அவசரக் குழுக்களை ஒரே மண்டபத்தில் கூட்டிப் பயிற்சி கொடுக்கமுடியாது. அதனால் இணையத்தில் நடத்தப்போகிறார்கள். குறித்த நாளில் காலை பத்து மணிக்கு ஒரு இணையப் பக்கம் திறக்கும். அதில் ஒரு கற்பனைச் சூழ்நிலை வரும். பள்ளிக்கூடத்தில் பத்துப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், என்ன செய்வீர்கள்? இருபது நிமிடத்துக்குள் பதிலைத் தட்டி அனுப்பவேண்டும். அனுப்பினால் அடுத்த சூழ்நிலை. மேலே மாநில அளவில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதோடு போன் ஒத்திகையும் உண்டு. கிராம சுகாதார செவிலியர் ஒவ்வொருவருக்கும் மூடிய உறை ஒன்று தரப்படும். அதிலுள்ள கற்பனை நோயாளியைப் பற்றி, குறிப்பிட்ட நேரத்தில் நிலையத்துக்குப் போன் செய்து சொல்லவேண்டும். போன் எடுப்பவர் நோயாளியை ஏ, பி, சி என்று பிரிக்கவேண்டும். லேசான காய்ச்சல் ஏ, வீட்டிலேயே ஓய்வு. கர்ப்பிணி, முதியவர், சர்க்கரை நோயாளி என்றால் பி, மாத்திரை தொடங்கவேண்டும். மூச்சுத் திணறினால் சி, பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் மாத்திரை கொடுத்து உடனே பெரிய ஆஸ்பத்திரி.

வேலையில் சேர்ந்த தேதிப்படி ஏகாம்பரத்தை விட நான் மூன்று நாள் மூத்தவன். அதனால் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏகாம்பரம், நீங்கதான் ஒருங்கிணைப்பாளர்" என்றார் டாக்டரம்மா. "பலராமன், நீங்க போன்."

போன்! காலராவையும் மஞ்சள் காமாலையையும் பார்த்து வந்த ஆளுக்கு, வராண்டாவில் உட்கார்ந்து போன் எடுக்கிற வேலை. வயிறு எரிந்தது என்று சொல்வதில் எனக்கு இப்போது வெட்கமில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஏகாம்பரம் எங்களுக்கு விளக்கம் கொடுத்தான். கரும்பலகையில் சாக்பீஸால் அழகாக எழுதினான். "ஒண்ணு. ஒத்திகை போன் பண்ணா, எடுத்த எடுப்புல பயிற்சி, பயிற்சி, பயிற்சின்னு மூணு வாட்டி சொல்லணும். ரெண்டு. அன்னிக்கி நெஜமாவே ஒரு நோயாளி வந்துட்டா, பயிற்சி அல்லன்னு மூணு வாட்டி சொல்லணும். அந்த போன் நம்ம ஆபீஸ் நம்பருக்கு வரக்கூடாது, நேரா டாக்டரம்மா செல்லுக்குப் போவணும்." இரண்டாவதை இன்னொரு முறையும் சொன்னான். நான் முதலாவதை எழுதினேன். இரண்டாவதுக்கு வந்தபோது, இவன் என்ன எனக்குப் பாடம் எடுக்கிறது என்று பேனாவை நிறுத்தி, நோட்டில் ஒரு மாட்டின் படம் போட ஆரம்பித்தேன். கொம்பு மட்டும் நன்றாக வந்தது.

செவிலியர்களுக்கு உறைகளைக் கொண்டுபோய்க் கொடுத்து விவரம் சொல்லவேண்டியவன் நான். மானாம்பதிப் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்துக்குச் செல்வி என்று ஒரு பெண் புதிதாக வந்திருந்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண். மொபெட்டிலிருந்து இறங்காமலே உறையை நீட்டினேன்.

"நாளைக்கு போன் பண்ணா மொதல்ல பயிற்சின்னு மூணு வாட்டி சொல்லணும்மா. அப்புறந்தான் மத்ததெல்லாம்."

"எந்த போன் பண்ணாலும் சொல்லணுமா சார்?"

"ஆமா, எந்த போன் பண்ணாலும்" என்றேன். வெயில். எனக்கு அவசரம். இரண்டாவது விதி என் நோட்டிலும் இல்லை, வாயிலும் வரவில்லை.

பயிற்சி நாள் வந்தது. ஏகாம்பரம் சட்டையில் 'ஒருங்கிணைப்பாளர்' என்று ஒரு அட்டையைக் குத்திக்கொண்டு கம்ப்யூட்டர் அறையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தான். மருந்தாளுநரும் ஆய்வக நுட்புநரும் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். டாக்டரம்மா பதில் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். விரல்கள் ஓடின. வராண்டாவில் எனக்கு ஒரு மேஜை, ஒரு போன், ஒரு பதிவேடு. டீ முதலில் உள்ளே போயிற்று, அப்புறம்தான் என்னிடம் வந்தது. டம்ளரில் ஆடை படர்ந்திருந்தது.

செல்வியின் போன் பத்தே முக்காலுக்கு வந்தது. பயிற்சி மூன்று முறை. உறையில் இருந்த கற்பனை முதியவரைப் பற்றிச் சொன்னாள். பி என்று எழுதி வைத்தேன். பதினொன்று இருபதுக்கு மறுபடியும் அவளே பேசினாள்.

"பயிற்சி, பயிற்சி, பயிற்சி. சார், இங்க ஏரிக்கரை இருளர் குடியிருப்புல கன்னியம்மான்னு ஏழு மாச கர்ப்பிணி சார். மூணு நாளா காய்ச்சல். நடவுக்குப் போய்ட்டு வந்து படுத்துச்சாம். இப்போ மூச்சு வுட முடியல சார். ஒதடெல்லாம் நீலமா கீது."

குரல் நடுங்கியது. பரவாயில்லையே, நன்றாக நடிக்கிறாளே என்று நினைத்தேன். ஏகாம்பரம் உறையில் எழுதிக் கொடுத்த வசனம் என்றும் நினைத்தேன். என்னைச் சோதித்துப் பார்க்க அவனே வைத்த கண்ணி, இதில் நான் தடுமாறவேண்டும் என்று காத்திருக்கிறான் என்றெல்லாம் மனம் ஓடியது. நானா தடுமாறுவேன்?

"கேட்டகிரி சி. ஒக்கார வெச்சிரு, படுக்க வெக்காத. நீ மூக்கு வாயில துணி கட்டிக்கோ. வண்டி அனுப்பிட்டேன்" என்றேன், படபடவென்று.

"நானே நூத்தியெட்டுக்குப் பண்ணட்டுமா சார்?"

"வாணாம்மா. வண்டி கெளம்பிடுச்சி."

பயிற்சியில் வண்டி அனுப்புவது என்றால் பதிவேட்டில் ஒரு டிக் அடிப்பது. அடித்தேன். பக்கத்தில் 'எடுத்துக்கொண்ட நேரம்: இரண்டு நிமிடம்' என்று கோடு போட்டு எழுதினேன். அந்த எழுத்தை ஏகாம்பரம் வந்து பார்க்கவேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

பார்த்தான். பன்னிரண்டு மணிக்குத் தன் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வந்தான். விரலை என் வரியில் வைத்தான்.

"பலராமா, செல்விக்கு ஒரு கவர்தானே குடுத்தோம்? ரெண்டு வாட்டி எப்புடி பண்ணுச்சி?"

"உன் லிஸ்ட்ல தப்பு இருக்கும்."

"லிஸ்ட்ல கர்ப்பிணியே கெடையாதுடா."

"இருந்தா என் தப்பு, இல்லன்னாலும் என் தப்பா? நீ எப்பவும் இப்படித்தான்" என்று நான் ஆரம்பித்தேன். அந்தக் காலனி வரைபடம் வரைக்கும் போய்விட்டேன். அவன் என் முன்னால் இருந்த போனை இழுத்து செல்வியின் செல்லுக்கு அடித்தான். மணி போகவே இல்லை. குடிசைப் பக்கம் டவர் கிடையாது, ஏரிக்கரை மேல் ஏறினால்தான் கிடைக்கும். மறுபடி அடித்தான். மூன்றாவது முறை எடுத்தாள். வண்டி வருகிறதா என்று பார்க்கக் கரைக்கு வந்திருக்கிறாள்.

"சார், வண்டி இன்னும் வரலியே சார். எங்க கீது சார்?" அவள் அழுதது எனக்கும் கேட்டது.

டாக்டரம்மா வாசலில் வந்து நின்றார்.

"போன் வந்தது எத்தனை மணிக்கு?"

"பதினொன்னு இருபதும்மா."

கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். "நூத்தியெட்டு செங்கல்பட்டு ரோட்டுல வந்து நிக்கட்டும். நம்ம ஜீப் ஊருக்குள்ள போகட்டும். சிலிண்டர், மாஸ்க், ஒசெல்டாமிவிர் மாத்திரை. ஏறுங்க" என்றார்.

உள்ளே கம்ப்யூட்டரில் நான்காவது சூழ்நிலை வந்து நின்றிருந்தது. மாவட்டத்திலிருந்து போனும் வந்தது, பதில் எங்கே என்று. ஏகாம்பரம் அந்தப் பயிற்சிக்காக ஒரு மாதம் உழைத்தவன். மாநிலத்தில் பார்க்கப்போகிறார்கள் என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவன். திரையை ஒரு முறை திரும்பிப் பார்த்தான். சட்டையிலிருந்த அட்டையைக் கழற்றி மேஜைமேல் போட்டுவிட்டு சிலிண்டரைத் தூக்கினான்.

ஏரிக்கரையைத் தாண்டி ஜீப் போகாது. கடைசி இருநூறு முன்னூறு அடி வரப்புதான். மூச்சுத் திணறுகிறவளைப் படுக்கவைத்துத் தூக்கக்கூடாது என்பதால், பக்கத்துக் குடிசையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் நானும் பின்னால் அவள் புருஷன் ஆறுமுகமும் தூக்கினோம். ஏகாம்பரம் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு குழாய் இழுபடாமல் கூடவே நடந்தான். டாக்டரம்மா முதல் மாத்திரையைக் குடிசை வாசலிலேயே கொடுத்து, கொடுத்த நேரத்தைத் தன் கையிலேயே எழுதிக்கொண்டார். கன்னியம்மாவின் பார்வை என் மேலேயே இருந்தது.

"வண்டி அப்பவே வந்துடும்னு அந்தம்மா சொல்லிக்கினே இருந்துச்சி சார்" என்றான் ஆறுமுகம். கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. வரப்பில் என் கால் வழுக்கியது, ஆனால் நாற்காலியை விடவில்லை.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்தாள். பிழைத்தாள். குறை மாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது, அதுவும் தங்கியது. இன்னும் ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால் என்று அங்கே டாக்டர் ஆரம்பித்தார். மரகதம் அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இணையப் பயிற்சியில் எங்கள் குழுவுக்கு நான்காவதிலிருந்து எல்லாமே பூஜ்யம். அதில் எனக்கு ஒரு துளி சந்தோஷம் வந்தது. அப்படிப்பட்ட நாளிலும் வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்தச் சந்தோஷமும் ஒரு வாரம்தான். பயிற்சியில் நடந்த தவறுகளை எழுதி அனுப்பச் சொல்லிப் படிவம் வந்தது. ஏகாம்பரம் எழுதினான். 'உண்மையான நோயாளி குறித்த அழைப்பு பயிற்சி அழைப்பாகக் கருதப்பட்டது. காரணம்: இரண்டாவது விதியை ஒருங்கிணைப்பாளர் தெளிவாகச் சொல்லத் தவறினார்.' அத்தோடு விடவில்லை. இனிமேல் பயிற்சி நாளில் வரும் ஒவ்வொரு அழைப்பிலும், போன் எடுப்பவர் 'இது நிஜமா?' என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் பதிவேட்டைத் தொடவேண்டும் என்று ஒரு யோசனையும் எழுதினான். மாவட்டத்தில் கூட்டம் போட்டுப் பாராட்டினார்கள். தன் தவறைத் தானே ஒப்புக்கொண்ட அதிகாரி என்று பேசினார்கள். அவன் எழுதிய காரணத்தையும் யோசனையையும் சுற்றறிக்கையாக அடித்து எல்லா வட்டாரத்துக்கும் அனுப்பினார்கள், கீழே அவன் பெயரோடு. பூஜ்யம் வாங்கியும் பேர் வாங்கினான். தப்பு செய்தவன் நான், அதற்கும் மாலை அவனுக்கு.

தாங்கமுடியாமல் ஒரு நாள் அவனை மாமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"நீ சொன்னடா. ரெண்டு வாட்டி சொன்ன. நான்தான் அந்தப் பொண்ணுக்குச் சொல்லல. உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும். அன்னிக்கே உன் நோட்டைப் பார்த்தேன். பாதியில மாடு போட்டுக்கினு இருந்த."

"அப்புறம் ஏன்டா அப்படி எழுதின?"

"மாடு போட்டுக்கினு இருந்தவனைப் பார்த்துட்டு கம்முனு இருந்தேன் பாரு, அது என் தப்புதானே. கேட்டா நீ சண்டைக்கு வருவன்னு பயந்துக்கினேன்." "உனக்கு ரிடையர் ஆவ கொஞ்ச நாள்தான் கீது பலராமா. மெமோ வந்தா நீ தாங்கமாட்ட."

அவனுக்கும் அதே கொஞ்ச நாள்தான் இருந்தது. நான் நன்றி சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. இன்னும் சொல்லவில்லை. ஓரிக்கையில் மகன் வீட்டில் இருக்கிறான். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்.

தம்பி, நீங்கள் டீக்கடையில் காட்டிய பக்கம் அந்தச் சுற்றறிக்கைதான். தாளிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து உங்கள் செல்போனுக்கு வந்திருக்கிறது. 'இது நிஜமா?' என்ற கேள்வியை நீங்கள் கேட்பது நல்லது, தவறாமல் கேளுங்கள். ஆனால் அதன் மூன்றாவது வரி பொய். ஒருங்கிணைப்பாளர் சொல்லத் தவறவில்லை. கரும்பலகையில் எழுதி, இரண்டு முறை வாய்விட்டுச் சொன்னார். போன் பொறுப்பிலிருந்த பலராமன் என்பவர் பொறாமையில் எழுதிக்கொள்ளவில்லை, கேட்ட பெண்ணுக்கும் சொல்லவில்லை. ஒரு கர்ப்பிணி முக்கால் மணி நேரம் வராத வண்டிக்குக் காத்திருந்தாள்.

மேலே எழுதி அந்த வரியைத் திருத்தச் சொல்லுங்கள். வரைபடம், பயிற்சி, சுற்றறிக்கை எல்லாம் அவன் பெயரிலேயே இருக்கட்டும். அந்தத் தப்பு என்னுடையது. அதையாவது என் பெயரில் போடச் சொல்லுங்கள்.